கப்பலுக்கு எத்தனை மதிப்பு? கடிகாரத்துக்கு எத்தனை?



கட்டம் போட்ட கடல் வரைபடம், அதன்மேல் நகரும் காய்கள், ஐரோப்பியர் கப்பலேறி நாடு பிடித்த காலம். இத்தகைய போர்த்தந்திர விளையாட்டுகளைக் கணிப்பொறியில் ஆடியிருப்பீர்கள். இம்முறை நீங்களே ஒன்றை வகுத்துப் பாருங்களேன். அட்டையும் பென்சிலும் போதும். காய்களுக்கு வலிமை எண் தரவேண்டும். ஆட்டத்தின் போக்கை மாற்றும் 'அதிசயம்' ஒன்றும் வேண்டும். மனம்போன எண்களைப் போட்டால் ஆட்டம் இரண்டே நாளில் சலித்துவிடும். ஆகவே இயற்பியலைத் துணைக்கு அழைப்போம்.

முதலில் போர்க்கப்பல். ஒரு கப்பலின் வலிமை 1 எனக் கொள்வோம். இரு கப்பல்கள் சேர்ந்தால் வலிமை 2 தானே என்பீர்கள். இல்லை! எதிரியின்மேல் விழும் குண்டுகள் இருமடங்கு ஆகின்றன. அதே நேரத்தில் எதிரியின் குண்டுகள் இரண்டுக்கும் பங்காகி, ஒவ்வொன்றின்மேலும் பாதியே விழுகின்றன. எனவே வலிமை 2×2 = 4. அதாவது, படையின் வலிமை எண்ணிக்கையின் வர்க்கத்துக்கு ஏற்ப அமைகிறது. லாஞ்செஸ்டர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1916-இல் தம் நூலில் இவ்விதியை விளக்கினார். 20 கப்பல்கள் 10 கப்பல்களோடு மோதினால் எஞ்சுவது 10 அல்ல; 400−100 = 300, அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 17!

டிரஃபால்கர் கடற்போருக்கு முன் (1805) நெல்சன் எழுதிவைத்த திட்டத்தையும் அவர் இவ்வாறே கணக்கிட்டார். நெல்சன் தம்மிடம் 40 கப்பல்களும் எதிரியிடம் 46 கப்பல்களும் இருக்கும் எனக் கருதியிருந்தார். நேருக்கு நேர் மோதினால் 1600-க்கு எதிராக 2116, தோல்வி நிச்சயம். எதிரியின் வரிசையை நடுவில் அறுத்து, ஒரு பாதியான 23 கப்பல்களை 32 கப்பல்களால் தாக்கி, மறுபாதியை 8 கப்பல்களால் தடுத்து நிறுத்தினால்? 1024+64 = 1088. எதிரிக்கு 529+529 = 1058. தராசு மறுபக்கம் சாய்ந்துவிட்டது பாருங்கள்! உண்மைப் போரில் இருந்தவை 27-உம் 33-உம். பிரிட்டன் ஒரு கப்பலையும் இழக்கவில்லை. கணக்கு மட்டுமே வென்றது என்று நான் சொல்லமாட்டேன். விரைந்து சுடும் பயிற்சியும் அவர்களிடம் இருந்தது.

இனி அதிசயம். கோட்டையையோ அரண்மனையையோ வைக்கலாம்தான். நான் ஒரு கடிகாரத்தை வைப்பேன்.

உச்சிவேளைச் சூரியனின் உயரத்தை அளந்தால் கப்பலின் அட்சரேகை தெரிந்துவிடும். தீர்க்கரேகை அப்படியன்று. பூமி 4 நிமிடத்துக்கு 1 பாகை சுழல்வதால், புறப்பட்ட துறைமுகத்தில் இப்போது மணி என்ன என்பது தெரியவேண்டும். ஊசல் கடிகாரமோ ஆடும் கப்பலில் உதவாது. எனவே மாலுமிகள் முதலில் சேரவேண்டிய இடத்தின் அட்சரேகையை அடைந்து, பின் அதே கோட்டில் கிழக்கிலோ மேற்கிலோ சென்றனர்.

எந்தத் திசை என்பதில்தான் உயிர்கள் போயின. 1741-இல் ஆன்சன் என்ற பிரிட்டிஷ் தளபதி ஜுவான் ஃபெர்னாண்டஸ் தீவைத் தேடினார். மாலுமிகள் ஸ்கர்வி நோயால் மடிந்துகொண்டிருந்தனர். சரியான அட்சரேகையை அடைந்தும், மேற்கே போய், ஐயுற்றுக் கிழக்கே திரும்பி, சிலி நாட்டுக் கரையைக் கண்டபின் மறுபடி மேற்கே வந்தார். இந்த அலைச்சலில் மட்டும் மேலும் 70, 80 பேர் மாண்டனர்.

தச்சரான ஜான் ஹாரிசன் செய்த நான்காவது கடிகாரம் 1761-இல் ஜமைக்காவுக்குக் கப்பலேறியது. நாள்தோறும் ஏற்படும் சீரான பிழையைக் கழித்தபின், 81 நாட்களில் அது தவறியது சுமார் 5 விநாடியே. பூமத்திய ரேகையில் அது 2.3 கிலோமீட்டர்தான்!

ஆகவே விதியை இப்படி அமையுங்கள். கடிகாரம் இல்லாத கப்பல் முதலில் நேர்க்குத்தாகவும், பிறகு கிடையாகவும் மட்டுமே நகரலாம். கிடையாகத் திரும்பும்போது திசையை நாணயம் சுண்டித் தீர்மானியுங்கள். வீணாகும் ஒவ்வொரு முறைக்கும் மாலுமிகளில் ஒரு பங்கு குறையும். கடிகாரம் பெற்ற கப்பல் குறுக்கே செல்லலாம். 3 கட்டம் மேலும் 4 கட்டம் பக்கத்திலும் உள்ள தீவுக்கு முன்னதற்கு 7 கட்டத் தூரம். பின்னதற்கு பிதாகரஸ் தயவில் 5.

இன்னொன்று. பசிபிக் தீவுகளை ஆளற்ற கட்டங்களாக விட்டுவிடாதீர்கள். விண்மீன்களையும் அலைகளின் போக்கையும் கொண்டு வழியறிந்த பாலினேசியர் அங்கே வாழ்ந்தனர். 1769-இல் தாஹிதியில் குக்கின் கப்பலில் ஏறிய துபையா, எவ்வளவு தொலைவு சென்றபின்னும் தாஹிதி இருக்கும் திசையைச் சுட்டிக்காட்டினார். அப்பயணத்தில் குக்கிடம் அத்தகைய கடிகாரம் கிடையாது. பாலினேசியப் படகுக் காய்க்குக் கடிகாரமின்றியே குறுக்கே செல்லும் உரிமை தருவதுதான் நியாயம்.

நீங்களே கணக்கிடுங்கள்: நாளொன்றுக்கு 3 விநாடி பிந்தும் கடிகாரத்தோடு 40 நாள் பயணம் செய்த கப்பல், பூமத்திய ரேகையில் எத்தனை கிலோமீட்டர் தவறும்? (1 பாகை = 111 கி.மீ.) அதே கப்பல் 60 பாகை அட்சரேகையில் இருந்தால்?