கணினிப் பாடம்: படம் மறைய மாட்டேங்குதா?



போன மாதம் மொத்த வியாபாரி ஒருவர் நமது கூட்டமைப்பு அலுவலகத்துக்கு வந்திருந்தார். மசாலாப் பொடி செய்யும் குழுவினர் அவருக்குக் காட்ட பவர்பாயிண்ட்டில் படக்காட்சி தயார் செய்திருந்தார்கள். முதலில் சாம்பார் பொடி பாக்கெட் படம் வரும். அது மெல்ல மங்கி மறைந்ததும் அடியில் விலைப் பட்டியல் தெரிய வேண்டும்.

படம் அழகாக வந்தது. ஆனால் போகவில்லை. "என்னக்கா இது, தட்டினா அடுத்த பக்கம்தான் வருது, படம் போக மாட்டேங்குதே" என்று குழுப் பிரதிநிதி என்னைப் பார்த்தார். எனக்கும் உடனே பிடிபடவில்லை. விலையை வாயால் சொல்லிச் சமாளித்தோம். அவர் குறித்துக்கொண்டு போனதில் இரண்டு விலை தப்பு. அதைச் சரிசெய்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அன்று சாயங்காலம் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். தவறு சின்னதுதான். பவர்பாயிண்ட்டில் 'ஃபேட்' என்ற பெயர் இரண்டு இடத்தில் இருக்கிறது. பச்சை நட்சத்திரம் போட்டது படம் மெல்ல வருவதற்கு. சிவப்பு நட்சத்திரம் போட்டது மெல்ல மறைவதற்கு. அதன் தலைப்பு 'எக்ஸிட்'. நம்மவர்கள் பச்சையை மட்டும் கொடுத்திருந்தார்கள்.

சரி, சிவப்பையும் கொடுத்தோம். இப்போது மெல்ல வருவது போய்விட்டது! ஏனென்றால் மேலே வரிசையாகத் தெரியும் நட்சத்திரங்களில் ஒன்றைத் தட்டினால், முன்பு கொடுத்தது அழிந்து புதியது உட்கார்ந்துகொள்ளும். இரண்டும் வேண்டுமென்றால், முதலில் பச்சை ஃபேட் கொடுத்துவிட்டு, 'ஆட் அனிமேஷன்' என்ற பட்டனைத் தட்டி அதற்குள் போய்ச் சிவப்பு ஃபேட்டை எடுக்க வேண்டும். 'அனிமேஷன் பேன்' பட்டனைத் தட்டினால் எது முதலில், எது அடுத்து என்று வரிசையாகக் காட்டும். பச்சை மேலே, சிவப்பு கீழே இருக்கிறதா என்று பாருங்கள்.

மங்கி மறைவது என்றால் என்ன? விலைப் பட்டியல் மேல் ஜமுக்காளத்தைப் போட்டால் ஒன்றும் தெரியாது. மெல்லிய சேலையைப் போட்டால் பாதி தெரியும். ஜமுக்காளம் 0 சதவீதம், ஒன்றுமே போடாதது 100. ஃபேட் கொடுத்தால் கம்ப்யூட்டர் படத்தை 0-விலிருந்து 100 வரை கொண்டுபோகிறது. (பழைய ஃபிளாஷ் பயிற்சிப் புத்தகம் வைத்திருப்பவர்கள் குழம்ப வேண்டாம். அதில் 'ஆல்ஃபா' என்று தலைகீழாக எண்ணுவார்கள். 100 என்றால் முழுசாகத் தெரியும். ஃபிளாஷ் பிளேயருக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31-ஓடு நின்றுவிட்டது.)

படம் பாதி மங்கி அப்படியே நிற்கிறதா? மஞ்சள் நட்சத்திரத்தில் உள்ள 'டிரான்ஸ்பரன்சி'யை எடுத்திருப்பீர்கள். அது 50 சதவீதத்தோடு நின்றுவிடும். மறைக்க உதவாது.

படம் பட்டென்று போகிறதா? 'டியூரேஷன்' அரை நொடி என்று இருக்கும். 2 நொடி வையுங்கள்.

படம் போய் அதன் பெயர் மட்டும் நிற்கிறதா? இரண்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல் பட்டனோடு ஜி-யை அழுத்திக் குழுவாக்குங்கள், நம்மைப் போல! ஆனால் குழுவாக்கினால் முன்பு கொடுத்த ஃபேட் எல்லாம் அழிந்துவிடும். அதனால் முதலில் குழு, பிறகு ஃபேட். நான் இதை மாற்றிச் செய்துவிட்டு அரை மணி நேரம் தேடினேன்.

எல்லாம் முடிந்ததும் எஃப் 5 தட்டி முழுத் திரையில் ஓட்டிப் பாருங்கள்.

இன்னொரு விஷயம். வியாபாரிகள் "வாட்ஸ்அப்பில் அனுப்புங்கம்மா" என்று கேட்பார்கள். பி.டி.எஃப். ஆக்கி அனுப்பினால் அதில் எதுவும் அசையாது, மறையாது. பாக்கெட் படம் விலைப் பட்டியலை மூடியபடிதான் போய்ச் சேரும். அப்படி அனுப்புவதற்கு, படத்தை ஒரு பக்கத்திலும் விலையை அடுத்த பக்கத்திலும் வைத்துத் தனியாக ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். மசாலாப் பொடிக் குழு இப்போது இரண்டு பிரதி வைத்திருக்கிறது.