கண் ஆயின்மென்ட்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பாதி பிதுக்கி மடித்துவைத்த கண் ஆயின்மென்ட் டியூப் ஒன்று பல வீடுகளில் ஃப்ரிட்ஜ் கதவிலோ டிவி ஸ்டாண்டு டிராயரிலோ கிடக்கும். காலையில் பீளை கட்டி இமை ஒட்டிக்கொண்டால் முதலில் கை போவது அங்கேதான். யாருக்காக, எப்போது வாங்கினோம் என்பது மட்டும் ஒருவருக்கும் நினைவிருக்காது.

நம்பிக்கை: கண் சிவந்தால் ஆயின்மென்ட் போட்டால் போதும்.

உண்மை: வீட்டில் கிடக்கும் அந்த டியூப் பெரும்பாலும் ஆன்டிபயாடிக், அதாவது பாக்டீரியாவுக்கான மருந்து. பெரியவர்களுக்கு வரும் ‘மெட்ராஸ் ஐ’ பெரும்பாலும் அடினோவைரஸின் வேலை. ஆன்டிபயாடிக் அதைத் தொடாது. கெட்டியான மஞ்சள் பீளை பாக்டீரியாவையும், நீராக வடிவது வைரஸையும், அரிப்பு அலர்ஜியையும் சந்தேகிக்க வைக்கும். ஆனால் பீளையை மட்டும் பார்த்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

நம்பிக்கை: மூன்று ஆன்டிபயாடிக் கலந்த ஆயின்மென்ட், எந்தக் கிருமியும் தப்பாது.

உண்மை: அந்த மூன்றில் பாசிட்ராசின் ஒரு வகை பாக்டீரியாவின் செல்சுவர் உருவாகாமல் தடுக்கிறது. பாலிமிக்சின் பி, சூடோமோனாஸ் போன்ற இன்னொரு வகையின் மேலுறையைக் குலைக்கிறது. நியோமைசின் பாக்டீரியா புரதம் தயாரிப்பதைக் கெடுக்கிறது. மூன்றும் சேர்ந்தாலும் எதிரி பாக்டீரியா மட்டும்தான். வயலில் நெல் உமியோ கரும்புச் சோகையோ கண்ணில் கீறி வரும் கருவிழிப் புண்ணுக்குத் தமிழ்நாட்டில் பல நேரம் பூஞ்சையே காரணம். அதற்கு மருந்தே வேறு.

இன்னொன்று: நியோமைசின் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. சில நாள் போட்டபின் இமை சிவந்து, தடித்து, அரிக்கும். நோய் முற்றிவிட்டது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் போடுவார்கள். அப்போது செய்ய வேண்டியது மருந்தை நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்ப்பது.

நம்பிக்கை: ஒரே நாளில் சிவப்பு போனால் நல்ல மருந்து.

உண்மை: டியூபில் சிறிய எழுத்தில் உள்ள பெயர்களைப் படியுங்கள். டெக்ஸாமெத்தசோன், பெட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன் என்று ‘சோன்’, ‘லோன்’ என முடிந்தால் பெரும்பாலும் ஸ்டீராய்டு. அது வீக்கத்தையும் சிவப்பையும் அடக்கும். அடியில் ஹெர்பிஸ் வைரஸோ பூஞ்சையோ இருந்தால் புண் சத்தமில்லாமல் ஆழமாகும். நீண்ட நாள் போட்டால் கண் அழுத்தம் கூடலாம், புரை விழலாம். கண் டாக்டர் பார்த்துச் சொல்லாமல் இதைத் தொடக் கூடாது.

நம்பிக்கை: பெயர் ஒன்றுதானே, தோலுக்கு வாங்கியதையே கண்ணிலும் போடலாம்.

உண்மை: ஒரே பிராண்ட் பெயரில் தோல் களிம்பும் உண்டு, கண் களிம்பும் உண்டு. கண்ணுக்கானது கிருமி நீக்கித் தயாரிக்கப்படுவது. ‘ஆப்தால்மிக்’ அல்லது ‘ஐ ஆயின்மென்ட்’ என்று அச்சிட்டிருந்தால் மட்டுமே கண்ணுக்கு.

நம்பிக்கை: நிறைய போட்டால் சீக்கிரம் ஆறும்.

உண்மை: மிஞ்சியது கன்னத்தில்தான் வழியும். கையைச் சோப்பு போட்டுக் கழுவி, வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியால் பீளையைத் துடையுங்கள். மேலே பார்த்தபடி கீழ் இமையை மெல்ல இழுத்தால் ஒரு சின்னப் பை தெரியும். அதற்குள் சுமார் 1 செ.மீ. நீளத்துக்குப் பிதுக்கி, கண்ணை ஓரிரு நிமிடம் மூடியிருங்கள். டியூப் நுனி கண்ணிலோ இமையிலோ படக் கூடாது. கொஞ்ச நேரம் பார்வை மங்கும்; அது தெளியும்வரை வண்டி ஓட்ட வேண்டாம். சொட்டு மருந்தும் இருந்தால் முதலில் சொட்டு, 5 முதல் 10 நிமிடம் கழித்து ஆயின்மென்ட். கண் தேறும்வரை கான்டாக்ட் லென்ஸ் வேண்டாம்.

நம்பிக்கை: காலாவதி தேதி வரைக்கும் வீட்டில் எல்லோரும் போடலாம்.

உண்மை: அந்தத் தேதி பிரிக்காத டியூபுக்கு. பிரித்து சுமார் 4 வாரம் ஆனால் தூக்கிப் போடுங்கள். ஒரு டியூப், ஒரே ஆள், துண்டும் அப்படியே.

இரண்டு மூன்று நாளில் குறையாவிட்டால் டாக்டரைப் பாருங்கள். கடும் வலி, வெளிச்சம் கூசுவது, பார்வை மங்குவது, கருவிழியில் வெள்ளைப் புள்ளி இருந்தாலோ, லென்ஸ் அணிபவர் என்றாலோ, பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத குழந்தை என்றாலோ அன்றைக்கே போக வேண்டும். கருவிழியில் புண் இருந்தால் அதிலிருந்து துளி சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், பூஞ்சையா பாக்டீரியாவா என்பது பல நேரம் அன்றே தெரிந்துவிடும். போகும்போது அந்தப் பழைய டியூபையும் கையோடு எடுத்துப் போங்கள். “இதுவரை என்ன போட்டீர்கள்?” என்றுதான் டாக்டர் முதலில் கேட்பார்.