எஞ்சினுக்குள் போகும் காற்று

கேள்வி: காருக்கு எயார் பில்டர் எப்போது வந்தது? கடைகளில் தனியாக விற்கும் ‘எயார் இன்டேக்’ வாங்கிப் பூட்டுவதால் பயன் உண்டா?
– வாசகர், குச்சவெளி

பதில்: ஒரு லீற்றர் பெற்றோல் எரிவதற்கு ஏறத்தாழ 11 கிலோ காற்று வேண்டும். கன அளவில் அது 9,000 லீற்றர். அந்தக் காற்றோடு புழுதியும் எஞ்சினுக்குள் போகும். 1908இல் வந்த ஃபோர்ட் ‘மொடல் ரி’ காரில் அதைத் தடுக்க எதுவும் இருக்கவில்லை. தார் காணாத வீதிகளில் பிஸ்டன் வளையங்கள் விரைவிலேயே தேய்ந்தன. வயலில் ஓடிய உழவு இயந்திரங்களின் நிலை இன்னும் மோசம். 1915இல் அமெரிக்காவின் மினியாபொலிஸைச் சேர்ந்த உழவு இயந்திர விற்பனையாளர் ஃபிராங்க் டொனல்ட்சன், எஞ்சின் அடிக்கடி பழுதான விவசாயி ஒருவருக்காகக் கம்பிக்கூட்டில் துணி சுற்றி ஒரு வடிகட்டி செய்துகொடுத்தார். பிறகு வந்தது, புழுதியை எண்ணெயில் படியவைக்கும் முறை. பழைய வொக்ஸ்வேகன் பீட்டிலில் இருந்தது அதுதான். மடிப்புக் காகித பில்டர் 1950களில் பரவியது. எண்ணெய் தடவிய பருத்தித்துணி பில்டரை 1960களின் இறுதியில் கலிபோர்னியாவின் கே அன்ட் என் நிறுவனம் மோட்டார் சைக்கிள் பந்தயக்காரர்களிடையே பிரபலமாக்கியது. இன்று கடைகளில் கிடைக்கும் ‘எயார் இன்டேக்’ பலவற்றின் மூலம் இதுவே.

இவற்றில் பொனற்றுக்குள் திறந்தபடி நிற்கும் கூம்பு பில்டர் சத்தத்தைத்தான் கூட்டும். எஞ்சினைச் சுற்றியுள்ள சூடான காற்றையே அது இழுக்கிறது. 30 பாகையில் இருக்கும் காற்று 60 பாகைக்குச் சூடேறினால் அதன் அடர்த்தி ஏறத்தாழ 9 வீதம் குறையும். எஞ்சினின் வலுவும் இறங்கும். பம்பருக்குக் கீழே குழாய் இறக்கும் வகை குளிர்ந்த காற்றைத் தரும் என்பது உண்மை. ஆனால் மாரி காலத்தில் வீதியில் தேங்கும் வெள்ளத்தையும் அது உறிஞ்சக்கூடும். சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்தால் பிஸ்டனைத் தாங்கும் தண்டே வளைந்துவிடும்.

குச்சவெளியில் முதலில் யோசிக்க வேண்டியது மணலை. வடக்கே புல்மோட்டைக் கரையில் இல்மனைற்று, ரூற்றைல், சேர்க்கன் எனக் கனிய மணல் குவிந்து கிடக்கிறது. சேர்க்கனும் சாதாரண மணலிலுள்ள படிகக்கல்லும் வார்ப்பிரும்புச் சிலிண்டரையே கீறக்கூடியவை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் நுண்மணல் எங்கும் பறக்கும். காற்றை எளிதாக விடும் பில்டர் பெரும்பாலும் புழுதியையும் கூடுதலாக விடும். எண்ணெய் தடவிய பில்டரில் எண்ணெய் மிஞ்சினால் காற்றின் அளவைக் கணிக்கும் சென்சரிலும் அது படியும்.

பெற்றோல் மிச்சமாகும் என்ற விளம்பரத்தையும் நம்பவேண்டியதில்லை. 2009இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுகூடம் செய்த சோதனையில், நவீன பெற்றோல் கார்களின் பில்டர் அடைபட்டபோதும் எரிபொருட் செலவு பெரிதாக மாறவில்லை; வேகமெடுப்பதுதான் மந்தமானது.

இருக்கும் பில்டர் சரியாக வேலைசெய்கிறதா என்று பார்ப்பது எளிது. பில்டர் பெட்டியின் கிளிப்பைக் கழற்றி, பில்டருக்கு அப்பால் எஞ்சினுக்குப் போகும் குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைக்க வேண்டும். துணியில் மணல் நெருடினால் பில்டர் கிழிந்திருக்கிறது, அல்லது விளிம்பு ரப்பர் சரியாகப் படியவில்லை.

மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால், கம்பனிப் பெட்டிக்குள்ளேயே அளவாகப் பொருந்தும் பில்டரை, புழுதியை எவ்வளவு தடுக்கிறது என்று காட்டும் ஐஎஸ்ஓ 5011 சோதனை முடிவைக் கேட்டு வாங்கலாம். குச்சவெளி வீதிகளில் ஓடும் காருக்குக் கம்பனிப் பெட்டியும் நல்ல காகித பில்டருமே பொருத்தம். கையேட்டில் சொன்ன தூரத்துக்கு முன்பே அதை மாற்றிவிடுவது நல்லது.