மடக்குக் கத்திக்கு இரண்டு சொட்டு எண்ணெய்

தில்லியில் மின்சார வேலை பார்ப்பவர் பையில் மடக்குக் கத்தி இருக்கும். ஆசாத்பூர் மண்டியில் மூட்டையின் கயிறை அறுப்பவரிடமும் இருக்கும். வீட்டில் பழம் நறுக்கவும் பலர் வைத்திருக்கிறார்கள். சின்னக் கருவிதான். ஆனால் மடங்கும் இடம் இறுகிப்போனால் அது ஆபத்து. இறுகிய கத்தியைப் பலம் கொடுத்துத் திறப்போம். சட்டென்று திறக்கும், விரல் வெட்டுப்படும். துருப்பிடித்த கத்தி வெட்டினால் தைலம் தடவிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். காயத்தைக் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போய் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள்.

கத்தியைத் திறந்து பாருங்கள். வெட்டும் பகுதிக்கு அலகு என்று பெயர். அலகையும் பிடியையும் ஓர் ஆணி இணைக்கிறது. அந்த ஆணியில்தான் அலகு திரும்புகிறது. பல கத்திகளில் பிடியின் முதுகில் ஒரு வில் இருக்கும். அலகு தானாக மடங்காமல் அது பிடித்துக்கொள்ளும். ஆணி, வில் இரண்டும் உரசும் இடங்கள். எண்ணெய் அங்கேதான் வேண்டும்.

எந்த எண்ணெய்? தேங்காய் எண்ணெய் கையருகே இருக்கிறதே என்று தோன்றும். ஊரில் அது சரிவரலாம். தில்லிக் குளிர் வேறு. சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் தேங்காய் எண்ணெய் உறையத் தொடங்கும். மார்கழி, தை மாதங்களில் பாட்டிலில் அது வெள்ளைக் கட்டியாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆணிக்குள்ளும் அப்படித்தான் நிற்கும். கடுகெண்ணெயும் வேண்டாம். காற்றுப்பட்டு நாளடைவில் பிசுபிசுப்பாகிவிடும். வண்டியிலிருந்து வடித்த பழைய என்ஜின் ஆயில் கூடவே கூடாது. அதில் நச்சுப் பொருள்கள் கலந்திருக்கும்.

தையல் மிஷின் எண்ணெய் நல்லது. மெல்லியது, பிசின் பிடிக்காது. பழம், காய் நறுக்கும் கத்தி என்றால் மருந்துக் கடையில் 'லிக்விட் பாரஃபின்' என்று கேட்டு வாங்குங்கள். பாட்டிலின் மேல் அந்தப் பெயரும் தேதியும் இருக்கிறதா என்று நீங்களே படித்துப் பாருங்கள்.

எண்ணெய் விடுவதற்கு முன் அழுக்கை எடுக்க வேண்டும். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். மே, ஜூன் மாதங்களில் தில்லியில் புழுதிக்காற்று வீசுகிறது. அந்தப் புழுதி ஆணியைச் சுற்றிச் சேரும். அதன்மேல் எண்ணெய் விட்டால் என்ன ஆகும்? மணலும் எண்ணெயும் சேர்ந்து இரும்பையே தேய்க்கும்!

கூர்ப்பக்கம் உங்கள் கையை விட்டு விலகி இருக்கட்டும். பழைய பல் துலக்கும் பிரஷால் தேயுங்கள். பிடியின் இடுக்கில் உள்ளதைக் குச்சியால் எடுங்கள். சோப்பு கலந்த வெந்நீரில் கழுவித் துடையுங்கள். திறந்தபடியே வெயிலில் காய வையுங்கள். ஈரம் உள்ளே தங்கினால் துருதான்.

காய்ந்ததும் ஆணியின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு சொட்டு விடுங்கள். மெதுவாகப் பத்து முறை திறந்து மூடுங்கள். கறுப்பாக அழுக்கு வெளியே வரும். துடைத்துவிட்டு மறுபடி விடுங்கள். எண்ணெய் தெளிவாக வரும்வரை இப்படிச் செய்யலாம். வில்லின்மேல் ஒரு சொட்டு. மிச்சத்தைத் துணியால் ஒற்றி எடுங்கள். வழியும் எண்ணெய் மறுபடி புழுதியைத்தான் இழுக்கும்.

துருப்பிடித்துத் திறக்கவே இல்லையா? சுத்தியலால் தட்டாதீர்கள். எண்ணெய் விட்டு ஓர் இரவு வையுங்கள். ஆணி திருகாக இருந்து ஆடினால் கால் சுற்று முறுக்கலாம். அடித்த ஆணி என்றால் கொல்லரிடம் கொடுங்கள்.

எலுமிச்சை, மாங்காய் நறுக்கியதும் அலகைக் கழுவித் துடைக்க வேண்டும். புளிப்பு இரும்பை அரிக்கும். சாதாரண இரும்பு அலகில் கருமை படர்ந்தால் பயமில்லை. சிவப்புத் துருவைத்தான் தேய்த்து எடுக்க வேண்டும். மழைக்காலத்தில் தோல் உறைக்குள் வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

சைக்கிளில் சாணை பிடிப்பவர் தெருவில் வருவார். அலகு நீலமாகும்படி சூடேற விடாதீர்கள், கூர் நிற்காது. சாணைத் தூளைக் கழுவிய பிறகே எண்ணெய்.

தில்லியில் ஒரு சட்ட விஷயமும் உண்டு. உத்தரப் பிரதேசத்து ராம்பூர் நகரம் கத்திக்குப் பேர்போனது. பொத்தானை அழுத்தினால் திறக்கும் கத்தியைப் பலரும் 'ராம்புரி' என்பார்கள். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின்படி, தில்லி நிர்வாகம் 1980இல் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. பொத்தான், ஸ்பிரிங் போன்ற அமைப்பால் திறக்கும் கத்திகளைப் பற்றியது அது. 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும், அதற்கு மேலும் உள்ள அலகுகளை அது கட்டுப்படுத்துகிறது. வேலைக்குக் கையால் திறக்கும் சின்னக் கத்தியே போதும்.

பயிற்சி: அடிக்கோலால் உங்கள் கத்தியை அளந்து எழுதுங்கள்.

அலகின் நீளம் ........ செ.மீ.

அலகின் அகலம் ........ செ.மீ.

எண்ணெய் விட்ட தேதி ........