கட்டுத்தரைக்கு ஏற்ற காலணி

அவிநாசிபாளையம் வட்டாரத்தில் வெறுங்காலுடன் கட்டுத்தரை கூட்டும் அங்கத்தினர் பலர். பாதத்தில் சிறு வெடிப்பு இருப்பினும், கால்நடைச் சிறுநீர் தேங்கிய ஈரத்திலிருந்து எலிக்காய்ச்சல் கிருமி உடலுட் புகக்கூடும். ஆணி குத்தினால் ரணஜன்னிக்கும் இடமுண்டு.

ஆடியில் அந்தியூர்ச் சந்தையில் குதிரை வாங்கிச் சவாரி செய்வோருக்குத் தோல் பூட்ஸ் உகந்தது. அதன் உயர்ந்த குதி, பாதம் அங்கவடிக்குள் நழுவிச் சிக்காமல் காக்கும். ஆயினும் சாணமும் சிறுநீரும் தோலையும் தையலையும் அரிக்குமாதலால், தொழுவ வேலைக்கு ரப்பர் பூட்ஸே ஏற்றது.

மாலையில் அளவு பார்த்து வாங்குக. பகலில் உழைத்த பாதம் அப்போது சற்று வீங்கியிருக்கும். விரல் நுனிக்கு அப்பால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். நடக்கையில் குதிகால் மேலெழலாகாது. உள்ளே பருத்திக் காலுறை அணிக. வேலை முடிந்ததும் கழுவி நிழலில் உலர்த்துக. வெயில் ரப்பரை வெடிக்கச் செய்யும்.

அங்கத்தினர் ஒருங்கே அளவு கொடுத்துச் சங்கத்தின் வாயிலாகக் கொள்முதல் செய்தல் சிக்கனமாகும்.