மலைப்பள்ளி மாணவரும் பொறியியல் இடமும்

சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடி மாணவர் பலருக்கு, கல்லூரி சென்று வந்தவர் வீட்டில் எவரும் இல்லை. விவரம் சொல்ல வேண்டியவர் ஆசிரியரே.

தரவரிசை: பொறியியல் நுழைவுத்தேர்வு 2007 முதல் தமிழ்நாட்டில் இல்லை. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என மொத்தம் 200-க்குக் கணக்கிடப்படுகிறது. கணிதம் 80, இயற்பியல் 70, வேதியியல் 76 பெற்றவருக்கு: 80 + 35 + 38 = 153.

7.5 விழுக்காடு: 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் பயின்றோருக்கு உரியது. பழங்குடியினர் நலத்துறைப் பள்ளிகள் இதில் அடங்கும். அரசு உதவிபெறும் பள்ளிகள் அடங்கா. இடையில் ஓராண்டு கட்டணம் செலுத்தித் தனியார் பள்ளியில் படித்தாலும் வாய்ப்பு போய்விடும். எனவே 5-ஆம் வகுப்பு முடியும்போதே பெற்றோரிடம் இதைக் கூறுவது தொடக்கப்பள்ளி ஆசிரியரின் கடமை. இவ்வொதுக்கீட்டில் சேர்பவரின் கல்வி, விடுதிக் கட்டணங்களை அரசே ஏற்கிறது.

சாதிச்சான்று: பழங்குடியினருக்கான 1 விழுக்காட்டு இடத்துக்கு இச்சான்று தேவை. இதை வழங்குபவர் வட்டாட்சியர் அல்லர், வருவாய்க் கோட்டாட்சியர். விசாரணைக்கு நாளாகும் என்பதால் 10-ஆம் வகுப்பிலேயே விண்ணப்பிக்கச் செய்க. மதிப்பெண் இருந்தும் சான்று இல்லாமல் இடம் இழப்பது பெருங்கொடுமை.

வகுப்பறைச் செயல்பாடு: 12-ஆம் வகுப்பு மாணவர்கள் காலாண்டு மதிப்பெண்ணைக் கொண்டு தம் தரவரிசை மதிப்பெண்ணைக் கணக்கிடட்டும். பிறகு, மலையடிவாரத்திலுள்ள சேலம் அரசு பொறியியல் கல்லூரியையும் சேர்த்து, பத்துக் கல்லூரி விருப்பங்களை வரிசைப்படுத்தி எழுதட்டும். கலந்தாய்வு நாளில் தடுமாற்றம் குறையும்.