சங்கிலி வாளின் உறுப்புக்களை அளத்தலும் பேணுதலும்

முற்காலத்தில் இருவர் எதிரெதிரே நின்று குறுக்குவாளால் அரை நாள் அறுத்த மரத்தை இன்று ஒருவர் சங்கிலி வாளைக்கொண்டு சில நிமிடங்களில் அறுத்து விடுகின்றார். தென்னந் தோட்டங்களிலும் பனங்காணிகளிலும் இக்கருவி பெரிதும் பயன்படுகின்றது. எனினும் கமக்காரர் ஒருவரின் வாள் ஆண்டின் பெரும்பகுதியைக் கொட்டிலின் மூலையிலேயே கழிக்கின்றது. மாரி காலத்துக் காற்றில் மரம் வீட்டின்மேலோ பாதையின் குறுக்கேயோ விழுந்தவுடன், பல மாதங்களாகத் தொடப்படாதிருந்த வாள் அவசரமாக வெளியே எடுக்கப்படுகின்றது. 1978ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திற் கிழக்குக் கரையைத் தாக்கிய சூறாவளி மட்டக்களப்புப் பகுதியில் எண்ணற்ற தென்னைகளைச் சாய்த்தது. அத்தகைய நாளில், மழையிலும் அவசரத்திலும், பேணப்படாத வாளை எடுப்பவருக்கே ஆபத்து அதிகம்.

அந்த ஆபத்தின் அளவைச் சிறிய கணக்கினால் அறியலாம். ஏழு பற்களையுடைய பற்சில்லு ஒருமுறை சுழலும்போது, 3/8 அங்குல வகைச் சங்கிலி ஏறக்குறைய 130 மில்லிமீற்றர் நகரும். எஞ்சின் நிமிடத்துக்கு 9,000 முறை சுழன்றால், செக்கனுக்கு 150 சுழற்சிகளாகும். ஆகவே சங்கிலி ஒரு செக்கனில் ஏறத்தாழ 20 மீற்றர் ஓடுகின்றது. இவ்வேகத்தில் அறுந்து அல்லது கழன்று வரும் சங்கிலியிலிருந்து கையை இழுத்துக்கொள்ள எவராலும் இயலாது. ஆதலால் சங்கிலி கழலாதவாறு முன்னரே அளந்து பேணுதலே தக்க காப்பாகும்.

அளப்பதற்கு முன்

எஞ்சினை நிறுத்தி, தீப்பொறிச் செருகியின் வயரைக் கழற்றிவிடுதல் வேண்டும். மின்கலத்தால் இயங்கும் வாளாயின் மின்கலத்தை வெளியே எடுத்தல் வேண்டும். சைலன்சர் ஆறும்வரை காத்திருத்தல் நன்று. ஓடாத சங்கிலியும் கையை வெட்டும்; எனவே தடித்த கையுறை அணியாமற் சங்கிலியைத் தொடுதல் ஆகாது. வாளை மடியில் வைத்துத் தீட்டும் வழக்கத்தை அறவே விடுதல் வேண்டும். வழிச்சட்டத்தை இறுக்கியிற் பிடித்து, அல்லது மரக்குற்றியொன்றில் வெட்டிய பிளவிற் செருகி, அசையாது நிறுத்திக்கொள்ளல் வேண்டும்.

வேணியர் இடுக்கிமானி, இடைவெளித் தகடு, உருண்டை அரம், தட்டை அரம், ஆழத் தடுப்பை அளக்கும் தகடு, தூரிகை ஆகியன இருந்தாற் போதும். இவற்றின் விலை ஒருமுறை வைத்தியசாலைக்குச் சென்று வருவதிலும் குறைந்ததே.

சங்கிலியின் மூன்று அளவுகள்

கடைக்குச் சென்று, "18 அங்குல வாளுக்குச் சங்கிலி வேண்டும்" என்று கேட்போர் பலர். கடைகளில் பார் எனப்படும் வழிச்சட்டத்தின் நீளம் மாத்திரம் சங்கிலியைத் தீர்மானிப்பதில்லை. ஒரே நீளமான சட்டங்களுக்கும் ஆக்கியோரைப் பொறுத்து வெவ்வேறு சங்கிலிகள் பொருந்துவதுண்டு. ஆகவே மூன்று அளவுகளைக் குறித்துச் செல்லல் வேண்டும்.

முதலாவது, கண்ணி இடையளவு. அடுத்தடுத்துள்ள மூன்று தறையாணிகளில் முதலாவதன் நடுவிலிருந்து மூன்றாவதன் நடுவரை அளந்து, அதனை இரண்டாற் பிரித்தல் வேண்டும். மூன்று ஆணிகளின் அளவு 12.7 மில்லிமீற்றராயின் அது 1/4 அங்குல வகை; 16.5 ஆயின் 0.325 வகை, 18.6 ஆயின் 3/8 வகை; 20.5 ஆயின் 0.404 வகை. 3/8 அங்குலத்தைக் கணக்கிட்டால் 9.5 மில்லிமீற்றர் வருமேயென்று சிலர் மயங்குவர். அது வழக்குப் பெயர். அச்சங்கிலியின் மெய்யளவு 9.32 மில்லிமீற்றராகும்.

இரண்டாவது, ஓட்டுங் கண்ணியின் தடிப்பு. சட்டத்தின் தவாளிப்பினுள் ஓடும் கண்ணியை இடுக்கிமானியால் அளத்தல் வேண்டும். சாதாரணமாக 1.1, 1.3, 1.5, 1.6 மில்லிமீற்றர் என்னும் தடிப்புக்கள் வழக்கிலுள்ளன. 1.6 மில்லிமீற்றர்க் கண்ணி 1.3 மில்லிமீற்றர்த் தவாளிப்பினுள் இறங்காது. அதனால் தவறு உடனே தெரிந்துவிடும். ஆனால் 1.3 மில்லிமீற்றர்க் கண்ணி 1.6 மில்லிமீற்றர்த் தவாளிப்பினுள் எளிதாக இறங்கிவிடும். பின்னர் அது பக்கஞ் சாய்ந்து ஓடி, வெட்டை வளைத்து, ஈற்றிற் கழன்று பாயும். பொருந்தாததினும் பொருந்தியதுபோலத் தோன்றுவதே கேடானது.

மூன்றாவது, ஓட்டுங் கண்ணிகளின் எண்ணிக்கை. ஒரு கண்ணிக்குச் சுண்ணக்கட்டியால் அடையாளமிட்டு அதிலிருந்து எண்ணத் தொடங்கினாற் பிழை நேராது.

பற்சில்லு, வழிச்சட்டம், சங்கிலி ஆகிய மூன்றும் ஒரே இடையளவுடையனவாயிருத்தல் வேண்டும். கண்டறிந்த அளவுகளை வாட்பெட்டியின் மூடியினுள்ளே மையால் எழுதிவைத்தல் நல்ல வழக்கம்.

பல்லைத் தீட்டுதல்

கூரான பல் மரத்தைச் சீவற் சீவலாக வெட்டும். மழுங்கிய பல் மாப்போன்ற தூளையே தரும். சீவல் குறைந்து தூள் மிகுந்தால் உடனே வேலையை நிறுத்தித் தீட்டல் வேண்டும். மழுங்கிய வாளை அழுத்தி அறுப்பவர் களைப்படைவார். களைத்த கை பிடியைத் தளர்த்தும். விபத்து அங்கே தொடங்குகின்றது. பனையினதும் தென்னையினதும் அடித்தண்டில் வெளிப்புறம் மிக வைரமானது, உட்புறம் மென்மையானது. இவற்றை அறுக்கும்போது பற்கள் விரைவில் மழுங்கும்.

அரத்தின் விட்டம் சங்கிலிக்கேற்றதாயிருத்தல் வேண்டும். 1/4 அங்குல வகைக்கும் தாழ்ந்த 3/8 வகைக்கும் 4.0 மில்லிமீற்றர் அரமும், 0.325 வகைக்கு 4.8 மில்லிமீற்றர் அரமும், 3/8 வகைக்கு 5.2 அல்லது 5.5 மில்லிமீற்றர் அரமும், 0.404 வகைக்கு 5.5 மில்லிமீற்றர் அரமும் ஏற்றன. எனினும் வாளுடன் வந்த கைநூலிற் கூறப்பட்ட அளவே முதன்மையானது.

அரத்தைப் பல்லின் உட்புறத்திலிருந்து வெளிப்புறமாகத் தள்ளல் வேண்டும். தள்ளும்போது மாத்திரம் அழுத்தி, திரும்ப எடுக்கும்போது அரத்தைப் பல்லிற் படாமல் உயர்த்தல் வேண்டும். பெரும்பாலான சங்கிலிகளுக்கு 30 பாகைக் கோணம் பொருந்தும். சிலவற்றுக்கு 25 பாகை. அரத்தின் விட்டத்தில் ஐந்திலொரு பங்கு பல்லின் மேல்விளிம்புக்கு மேலே தெரிதல் வேண்டும், 4.8 மில்லிமீற்றர் அரத்தில் இது ஏறக்குறைய 1 மில்லிமீற்றராகும்.

முதலில் எல்லாப் பற்களையும் பார்த்து மிகக் குட்டையான பல்லைத் தெரிந்து, அதன் நீளத்தை அளத்தல் வேண்டும். ஏனைய பற்கள் யாவும் அந்நீளத்துக்குத் தீட்டப்படல் வேண்டும். ஒரு பக்கப் பற்களை முடித்தபின் மறுபக்கத்தைத் தொடங்குக. வலக்கை வழக்கமுடையவர் ஒரு பக்கத்தை அறியாமலே ஆழமாகத் தீட்டிவிடுவதுண்டு. அவ்வாறான வாள் நேராக அறுக்காது. பல்லின் நீளம் 4 மில்லிமீற்றராகக் குறைந்ததும் சங்கிலியை அகற்றிவிடல் வேண்டும். அதற்குமேல் தீட்டினாற் பல் முறிந்து பறக்கும்.

ஆழத் தடுப்பு

ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் சிறு மேடொன்றுண்டு. பல் எவ்வளவு ஆழத்துக்குக் கடிக்கலாம் என்பதை இதுவே வரையறுக்கின்றது. பல்லின் உச்சியிலிருந்து இம்மேடு 0.65 மில்லிமீற்றர் தாழ்ந்திருத்தல் பெரும்பாலான சங்கிலிகளுக்குப் பொருந்தும், 0.404 வகைக்கு 0.80 மில்லிமீற்றர். பல் தீட்டப்படுந்தோறும் உச்சி தாழ்ந்து வருவதால், இடையிடையே அளவுத் தகட்டை வைத்துப் பார்த்து, தகட்டுக்கு மேலே நீட்டிய பகுதியைத் தட்டை அரத்தால் உராய்தல் வேண்டும்.

"இன்னுஞ் சற்றுத் தாழ்த்தினால் வாள் வேகமாக வெட்டும்" என்று கருதி, கண்ணளவில் உராய்வோர் உளர். இது பெருந்தவறு. மேடு அளவுக்கு மிஞ்சித் தாழ்ந்தாற் பல் மிகையாகக் கடித்துச் சிக்கிக்கொள்ளும். சட்டத்து மூக்கின் மேற்பாகம் மரத்திற் பட்டால், வாள் முழுவதும் மேலும் பின்னுமாக அறுப்பவரின் முகத்தையும் கழுத்தையும் நோக்கி எறியப்படும். உதைப்பு எனப்படும் இவ்விபத்து கண்ணிமைக்கும் பொழுதில் நிகழ்வது. சில பத்திலொரு மில்லிமீற்றர் வேறுபாடு உதைப்பைக் கடுமையாக்கப் போதுமானது. ஆதலாற் கண்ணளவை நம்பாது தகட்டை நம்புதல் வேண்டும்.

வழிச்சட்டமும் பற்சில்லும்

சங்கிலியைக் கழற்றும்போதெல்லாம் தவாளிப்பில் அடைந்த தூளையும் எண்ணெய்த் துவாரத்தையும் துப்புரவாக்கல் வேண்டும். சட்டத்தின் விளிம்பில் எழுந்துள்ள பிசிறைத் தட்டை அரத்தால் நீக்குக. சட்டம் ஒரே பக்கத்தில் தேயாதிருக்க, ஒவ்வொரு முறையும் அதனைத் தலைகீழாகத் திருப்பி மாட்டல் வேண்டும்.

இடுக்கிமானியின் ஆழக்கோலால் தவாளிப்பின் ஆழத்தை அளக்கலாம். 0.325 வகைக்கும் 3/8 வகைக்கும் 6 மில்லிமீற்றரும், தாழ்ந்த 3/8 வகைக்கு 5 மில்லிமீற்றரும், 1/4 வகைக்கு 4 மில்லிமீற்றரும், 0.404 வகைக்கு 7 மில்லிமீற்றரும் குறைந்த எல்லைகளாகக் கொள்ளப்படும். இதனிலும் ஆழங் குறைந்தால் ஓட்டுங் கண்ணி அடியில் உராயும்.

பற்சில்லிற் சங்கிலி பதித்த தேய்வு 0.5 மில்லிமீற்றருக்கு மேற்பட்டாற் சில்லை மாற்றல் வேண்டும். தேய்ந்த சில்லிற் புதுச் சங்கிலியை ஓட்டினால் அச்சங்கிலியும் விரைவிற் கெடும்.

சங்கிலியின் இழுவை

சங்கிலித் தடுப்பை விடுவித்து, சட்டத்தின் மூக்கை மேலே உயர்த்திப் பிடித்தபடி இழுவையைச் சரிசெய்தல் வேண்டும். சங்கிலி சட்டத்தின் அடிப்பாகத்தோடு ஒட்டி நிற்றலும், கையுறை அணிந்த கையால் இழுக்கும்போது தடையின்றி நகர்தலும் வேண்டும். தொங்கும் சங்கிலி கழலும். நகராத சங்கிலி சட்டத்தைத் தின்னும். புதுச் சங்கிலி முதல் நாளில் நீளுமாதலால் அடிக்கடி பார்த்தல் வேண்டும். சூடேறியிருக்கும்போது இறுக்கிய சங்கிலியை வேலை முடிந்ததும் தளர்த்திவிடுக. இல்லையேல் ஆறும்போது சுருங்கி எஞ்சினின் சுழற்றண்டையும் தாங்கிகளையும் வருத்தும்.

எண்ணெயும் எரிபொருளும்

பழைய எஞ்சின் எண்ணெயைச் சங்கிலிக்கு ஊற்றும் வழக்கம் பல இடங்களிலுமுண்டு. அதிலுள்ள உலோகத் துகள்கள் எண்ணெய்ப் பம்பியையும் தவாளிப்பையும் தேய்க்கும். அதன் தூவானம் தோலுக்கும் மூச்சுக்கும் தீங்கானது. சங்கிலிக்குரிய எண்ணெயையே இடுதல் வேண்டும். எரிபொருள் நிரப்பும் ஒவ்வொரு முறையும் சங்கிலி எண்ணெயையும் நிரப்புக.

50க்கு 1 என்னும் கலவையாயின் ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 20 மில்லிலீற்றர் எண்ணெயும், ஐந்து லீற்றருக்கு 100 மில்லிலீற்றரும் சேரும். 25க்கு 1 என்று கைநூல் கூறின் லீற்றருக்கு 40 மில்லிலீற்றர். அளவுச் சாடியினாலேயே அளத்தல் வேண்டும். எரிபொருள் நிரப்பிய இடத்திலிருந்து 3 மீற்றருக்கப்பாற் சென்றே வாளை இயக்கல் வேண்டும். தீப்பொறிச் செருகியின் இடைவெளி பெரும்பாலான வாள்களில் 0.5 மில்லிமீற்றராகும், இடைவெளித் தகட்டால் இதனைச் சரிபார்க்கலாம்.

சங்கிலித் தடுப்பு

ஒவ்வொரு நாளும் வேலை தொடங்குமுன் தடுப்பைச் சோதித்தல் வேண்டும். வாளை உறுதியான நிலத்தில் வைத்து, இரு கைகளாலும் பற்றி, சங்கிலி எதிலும் படாதவாறு எஞ்சினை வேகமாக்கி, இடது மணிக்கட்டால் முன் காப்பைத் தள்ளுக. சங்கிலி உடனே நிற்றல் வேண்டும். நிற்கத் தாமதித்தால் அவ்வாளை அன்று உபயோகித்தலாகாது. தடுப்புப் பட்டியின் தடிப்பு 0.6 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் அதனை மாற்றல் வேண்டும். இவ்வேலையைப் பழகிய திருத்துநரிடமே ஒப்படைக்குக. எஞ்சின் மெதுவாக ஓடும்போது சங்கிலி அசையாதிருத்தலும் அவசியம்.

மரத்தினுள் இரும்பு

வேலிக் கதியாலிலும் பூவரசிலும் அறைந்த ஆணியும் முட்கம்பியும் காலப்போக்கில் மரத்தினுள் மறைந்துவிடும். 2009ஆம் ஆண்டில் முடிவுற்ற போர் நடந்த பகுதிகளில் நிற்கும் பனைகளிலும் தென்னைகளிலும் எறிகணைத் துண்டுகளும் சன்னங்களும் புதைந்திருப்பதுண்டு. அறுக்குமுன் தண்டைச் சுற்றிப் பார்த்துத் தழும்பு, வீக்கம், துருக்கறை ஆகியவற்றைத் தேடல் வேண்டும். இரும்பில் மோதிய சங்கிலியை உடனே நிறுத்தி ஒவ்வொரு பல்லையும் தறையாணியையும் சோதிக்குக. வெடிப்புக் காணப்பட்டால் அச்சங்கிலியை அகற்றுக. வெடியாத பொருளென ஐயம் எழுந்தால் அதனைத் தொடாது விலகிப் பொலிசாருக்கு அறிவித்தல் வேண்டும்.

மாரிக்கு முன்

புரட்டாதி மாதத்தில், மழை தொடங்குமுன், மேற்கூறிய அளவுகள் யாவற்றையும் ஒருமுறை பார்த்து முடித்தல் வேண்டும். மாரி கழிந்து வாளை ஒதுக்கி வைக்கும்போது எரிபொருளை வெளியேற்றி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, சங்கிலியைத் துப்புரவாக்கி எண்ணெய் பூசி வைக்குக. சாரமும் செருப்பும் அணிந்து வாளைப் பிடித்தலாகாது; தலைக்கவசம், கண்காப்பு, செவிக்காப்பு, காற்காப்பு, சப்பாத்து என்பன வாளின் உறுப்புக்களாகவே கருதப்படல் வேண்டும். பலா, பனை முதலிய மரங்களை வெட்டுமுன் 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதற் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி அனுமதி பெறல் வேண்டும் என்பதையும் மறத்தலாகாது.

சங்கிலியை அளந்து தீட்ட அரைமணி நேரம் செல்லும். அந்த அரைமணி நேரத்தைச் செலவிடுபவர் மாலையில் இரு கைகளோடும் வீடு திரும்புவார். அளக்கும் முறையிலோ கருவிகளிலோ ஐயமுடையோர் தமது பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகி விளக்கம் பெறலாம்.